நாற்பது விநாடி

புவர்த்தோ மோன்த்தில் கடலைப் பார்த்தபடி
தொடங்குகிறது ஏழாம் எண் சாலை.
ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது,
நிலம் தீர்ந்துபோய்ப் படகேறுகிறது.
சாலை எங்காவது படகேறுமா என்று கேட்பவர்
தெற்குச் சிலியில் பிறக்காதவர்.

கரையேறி, மறுபடி படகேறி,
எரிமலைச் சாம்பல் குளித்த சைத்தேனைத் தாண்டி,
கெவுலாத் மலையில் குடலாய்ச் சுருண்டு,
கொய்ஹாய்க்கே பக்கம் தார் பூசி மினுக்கி,
பிறகு அதையும் உதறிவிட்டு
வெறும் சரளையாக என்னிடம் வந்து சேர்கிறது.

என் பெயர் நோல்ஃபா.
கொக்ரானேவுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டர் என் பொறுப்பு.
லாரிகள் அலை அலையாய் மடித்துப்போட்ட சரளையை
மஞ்சள் வண்டியின் நீண்ட தகட்டால்
புதனன்று தெற்கு நோக்கியும் வெள்ளியன்று வடக்கு நோக்கியும்
சீவி வகிடெடுக்கிறேன்.
திங்கட்கிழமை பார்த்தால் மறுபடி சிக்கு.

சாலை வருமுன்
சொந்த நாட்டுக்குப் போவதற்கே
அடுத்த நாட்டின் வழியாகத்தான் போனார்கள்.
விற்கக் கிளம்பிய மாடு
வாரக்கணக்கில் நடந்து சந்தை சேர்வதற்குள்
தன் விலையில் பாதியைத் தானே தின்றிருக்கும்.

எழுபத்தாறில் ராணுவம் வந்தது.
தலைநகரில் பூட்ஸ் சத்தம் கேட்டால்
ஜன்னலைச் சாத்திய காலம்.
அதே பூட்ஸ் இங்கே முழங்கால்வரை சேற்றில்.
உள்ளே இருந்தவை பதினெட்டு வயதுக் கால்கள்.
வெடிமருந்து, மண்வெட்டி, நிற்காத மழை.
இந்தச் சாலைக்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில்
எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.
ஞாயிறு விருந்தில்
உப்பைக்கூட ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்குவதில்லை.

என் பங்கில் நாற்பத்தோராம் கிலோமீட்டரில்
ஒரு வளைவு.
பாறை இல்லை, ஆறு இல்லை.
பழைய வரைபடத்தில் நேர்கோடு,
தரையிலோ மடக்கிய முழங்கை.
கேப்டன் குடித்திருந்தார் என்பார்கள்.
பாஸ்த்திரானா வீட்டுக் காளை மறித்துப் படுத்ததாம்.
ஒரு பையன் அங்கே கிடக்கிறான் என்பவர்கள்
தகரக் கூரை போட்ட சின்னப் பெட்டி ஒன்றை நட்டு
மெழுகுவத்தி வைத்தார்கள்.
அவ்விடம் வந்ததும் தகட்டை ஒரு சாண் தூக்கிக்கொள்வேன்.
எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன கோடையில் பொறியாளர் இரிபார்னே வந்தார்.
தார் வரப்போகிறது,
வளைவை நேராக்கினால் நாற்பது விநாடி மிச்சம் என்றார்.
படகுத்துறையில் மூன்று மணி நேரம் காத்திருக்கையில்
அந்த நாற்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான்,
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான்
பெட்டியைத் தூக்கி ஓரம் வைத்தார்.

மூன்றாவது வாரலில் தண்ணீர்.
ஐந்தாவதில் தோண்டும் இயந்திரம்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, யோசித்து,
இடுப்புவரை இறங்கி உட்கார்ந்தது.

எலும்பு இல்லை. காளை இல்லை. கேப்டனின் புட்டி இல்லை.
பாசிக்குக் கீழே
நெருக்கி அடுக்கிய சைப்ரஸ் கட்டைகள்,
நேர்கோட்டில்.
அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு.
அதற்கும் கீழே.
மூன்று முறை நேராகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.
மூன்றையும் சதுப்பு விழுங்கிய பிறகே
திரும்பியிருக்கிறார்கள்.

ஒரு கட்டையில் கத்திக் கீறல்கள்,
ஐந்தைந்தாய், நாற்பத்து மூன்று.
அதன்பின் கீறவில்லை.
விடுப்பு கிடைத்திருக்கலாம்.

இயந்திரத்தை இழுத்துக் கரையேற்ற
என் வண்டிக்கு இரண்டு நாள் பிடித்தது.
கயிறு ஒருமுறை அறுந்தது.
பெட்டி பழைய இடத்துக்கே திரும்பியது.
நாற்பத்து மூன்று வந்த கட்டையை
யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

இரிபார்னே வண்டியின் முன்மூடியில் தாளை விரித்து
தன் நேர்கோட்டை ரப்பரால் அழித்தார்,
பென்சிலால் முழங்கை வரைந்தார்.
வெளிச்சத்தில் பிடித்தால்
அழித்த இடத்தில் தாள்
கொஞ்சம் மெலிந்திருக்கிறது.